325 டன் விறகு எங்கிருந்து வரும்? பாலக்கோடு வட்டாரத்தில் ஓர் உத்தேச பயோமாஸ் மின்நிலையமும் ஊராரிடம் கருத்துக் கேட்பதும்

விறகையும் வேளாண் கழிவையும் எரித்து மின்சாரம் எடுப்பது பயோமாஸ் மின்நிலையம். 10 மெகாவாட் நிலையம் ஒன்று ஒரு நாள் முழுத் திறனில் ஓடினால் 2,40,000 யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும். ஒரு யூனிட்டுக்கு 4,200 கிலோ கலோரி வெப்பம் தேவை. கிலோவுக்கு 3,100 கிலோ கலோரி தரும் எரிபொருள் என்றால் யூனிட்டுக்கு 1.35 கிலோ, நாளுக்கு 325 டன். ஆண்டுக்கு 80 சதவீதத் திறனில் ஓடினால் 95,000 டன். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டண நிர்ணயத்துக்கு எடுத்துக்கொள்ளும் அளவுகள்தான் இவை.

நிலக்கரி நிலையத்துக்கு எரிபொருள் ரயிலிலும் கப்பலிலும் வந்துவிடும். பயோமாஸ் நிலையத்துக்கு அது பக்கத்து ஊர்க்காரரின் வயலிலிருந்தும் வரப்பிலிருந்தும் ஏரிக்கரையிலிருந்தும் வரவேண்டும். சுற்றுவட்டார மக்கள் இங்கே புகையையும் சத்தத்தையும் தாங்கப்போகிறவர்கள் மட்டுமல்ல. விறகு விற்கப்போகிறவர்களும் அவர்களே, அதே விறகுக்குப் போட்டி போடப்போகிறவர்களும் அவர்களே. ஆகவே கருத்துக்கேட்பு ஒரு மரியாதைச் சடங்கு அல்ல. நிலையத்துக்கு எரிபொருள் உண்டா இல்லையா என்பதைக் கண்டறியும் முதல் கணக்கெடுப்பு அதுதான்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிலையம் ஒரு மாதிரி. தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் இடையே 22 ஏக்கரில், 10 மெகாவாட் திறனில் ஒருவர் அமைக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியொரு நிறுவனம் இல்லை. ஆனால் ஊர்கள், பயிர்கள், தண்ணீர், சட்டம் எல்லாம் உள்ளபடியே. எண்கள் கணக்குப் போட்டு எடுத்தவை. யாரும் காகிதத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது

2006 செப்டம்பர் 14-ம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2009 டிசம்பரில் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின்படி 15 மெகாவாட் வரையிலான பயோமாஸ் நிலையங்களுக்கு, துணை எரிபொருளாக நிலக்கரி போன்றவை 15 சதவீதத்தைத் தாண்டாத வரை, சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை. முன் அனுமதி இல்லையென்றால் அதோடு சேர்ந்த பொது விசாரணையும் இல்லை. 30 நாள் முன்னறிவிப்பு, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம், மாவட்ட ஆட்சியர் தலைமை, முழு நிகழ்வையும் வீடியோ எடுப்பது எல்லாம் பெரிய நிலையங்களுக்குத்தான். எஞ்சுவது 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981-ம் ஆண்டு காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் நிறுவும் இசைவும் இயக்கும் இசைவும். இந்த இரண்டுக்கும் ஊரைக் கூட்ட வேண்டிய கட்டாயம் கிடையாது.

"சட்டம் கேட்கவில்லையே, நாம் ஏன் கேட்க வேண்டும்" என்ற எண்ணம் பல திட்டங்களில் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. இதே சட்ட வரிக்குள் ஊரார் கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது: நிலக்கரி எரிப்பீர்களா, எவ்வளவு? தென்மேற்குப் பருவத்தின் கடைசியிலிருந்து டிசம்பர் வரை இந்தப் பக்கம் மழை. விறகு நனைந்தால் பாய்லர் தடுமாறும், அப்போது நிலக்கரி லாரியைக் கூப்பிடும் ஆசை வரும். 15 சதவீதக் கணக்கை மாதாமாதம் எழுதி ஒட்டுவோம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்த மாவட்டங்களுக்கு ஞாபகசக்தி அதிகம். விளைநிலங்கள் வழியாகக் கெயில் நிறுவனம் பதிக்க வந்த எரிவாயுக் குழாய் விவகாரத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி உள்ளிட்ட 7 மாவட்ட விவசாயிகளிடம் 2013-ல் கருத்துக் கேட்கப்பட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றம் குழாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வழியாக வரவிருந்த எட்டுவழிச் சாலைக்கான நில எடுப்பை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. உத்தனப்பள்ளி பக்கம் சிப்காட் நில எடுப்பை எதிர்த்து விவசாயிகள் நீண்ட நாள் போராடினார்கள். "கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள், பிறகு நடந்தது வேறு" என்ற அனுபவத்தோடுதான் மக்கள் பந்தலுக்குள் வந்து உட்காருகிறார்கள். பந்தல் போடுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

யாரைக் கேட்பது: நான்கு வட்டம்

"பாதிக்கப்படும் மக்கள்" என்று ஒரே கூட்டமாக எடுத்தால் எல்லாம் குழம்பும். வரைபடத்தில் நான்கு வட்டம் போட்டுக்கொள்வது வழக்கம். முதல் வட்டம் நிலையத்திலிருந்து 2 கி.மீ. வரை: புகை, சத்தம், சாம்பல் தூசி. இரண்டாவது உண்மையில் வட்டமில்லை, கோடு: விறகு வண்டி போகும் சாலையோர வீடுகள், பள்ளி, பால் சொசைட்டி. மூன்றாவது தண்ணீர்: நிலையத்தின் போர்வெல்லைச் சுற்றியுள்ள போர்கள், கழிவுநீர் இறங்கக்கூடிய ஓடையும் அதன் கீழ்ப்பக்கத்து ஏரியும். நான்காவது எரிபொருள் வட்டம், 45 கி.மீ. பாலக்கோட்டிலிருந்து வரைந்தால் அதில் காரிமங்கலம், பென்னாகரம், ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் எல்லாம் விழும். ஆக நிலையம் ஒரு மாவட்டத்தில், விறகு இரண்டு மாவட்டத்தில். ஒரே ஒரு ஆட்சியர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து முடித்துக்கொள்ள முடியாது.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழி. தமிழில் அச்சடித்த துண்டறிக்கையைக் கையில் வாங்கிக்கொள்வார்கள், பேச்சு வேறு மொழியில் நடக்கும். அந்த ஊர்க்காரர் ஒருவரையே வைத்து வாய்வழியாகச் சொல்லவைப்பதற்கு மாற்று கிடையாது.

அடுத்தது நேரம். காலை 6 முதல் 8 வரை பால் கறவை, சொசைட்டி. 9 மணிக்கு மேல் பெண்கள் நூறு நாள் வேலையிலோ களையெடுப்பிலோ இருப்பார்கள். மாலை மறுபடி பால். ஆகவே இரவு 7 மணிக்கு மேல்தான் ஊர் ஊராக இருக்கும். மே முதல் ஜூலை வரை மாங்காய் சீசன், தோப்பு வைத்திருப்பவர் ஒருவரும் வரமாட்டார். இளைஞர்கள் பெங்களூருவிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வருவார்கள், தைத் திருநாளுக்கு அடுத்த வாரத்தில் ஒரு கூட்டம் வைத்தால் பிடித்துவிடலாம்.

இடமும் கவனிக்க வேண்டியது. கோயில் மண்டபத்திலோ பெரியதனக்காரர் வீட்டுத் திண்ணையிலோ கூட்டம் போட்டால் காலனியிலிருந்து வருபவர்கள் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவார்கள், பேசமாட்டார்கள். காலனிக்குப் போய் அங்கேயே ஒரு கூட்டம் தனியாக நடத்த வேண்டும். ஆடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்கும் பெண்கள், பட்டுப்புழு வளர்ப்பவர்கள், வெல்ல ஆலைக்காரர்கள், செங்கல் சூளைக்காரர்கள் என்று 12 முதல் 20 பேர் கொண்ட சிறு அமர்வுகள் முதலில். பெரிய கூட்டம் அதற்குப் பிறகுதான். 500 பேர் கூடிய இடத்தில் உரத்த குரல் உள்ள 5 பேர்தான் பேசுவார்கள், அவர்களில் 3 பேர் நிலம் விற்கும் தரகர்களாக இருப்பதும் உண்டு.

விறகுக் கணக்கு

துவரைமார், பருத்திமார், அதாவது அறுவடைக்குப் பின் மிஞ்சும் காய்ந்த செடித்தண்டு, ஏக்கருக்குச் சுமார் 1 டன் வரும். 95,000 டன்னுக்கு 95,000 ஏக்கர் வேண்டும், அதுவும் ஒரு குச்சி விடாமல் திரட்டினால். பாதிதான் கைக்கு வரும் என்றால் 1,90,000 ஏக்கர். ஆவணத்தில் "உபரி வேளாண் கழிவு" என்று ஒரு வரியில் எழுதிவிடுவது சுலபம். எது உபரி என்று யார் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

அமர்வுகளில் பயிர் பயிராகக் கேட்டால் படம் மாறும். கேழ்வரகுத் தாள், சோளத்தட்டு, கடலைக்கொடி மூன்றும் மாட்டுத் தீவனம். அவற்றில் உபரி என்ற பேச்சே இல்லை. ஒரு வறட்சி வந்தால் தட்டுக்கட்டின் விலை எங்கே போகும் என்று கறவை மாடு வைத்திருப்பவருக்குத் தெரியும். கரும்புச் சக்கையைச் சர்க்கரை ஆலையும் வெல்ல ஆலையும் தாமே எரித்துக்கொள்கின்றன. பாலக்கோடு என்றாலே தக்காளிதான், ஆனால் தக்காளிச் செடியில் ஈரம் அதிகம், பாய்லருக்கு ஆகாது. மரவள்ளிக் குச்சியில் ஒரு பங்கு அடுத்த நடவுக்குக் கரணையாகப் போகும். தென்னை மட்டை நாருக்கும் அடுப்புக்கும் போகிறது. கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளின் கொட்டை மூன்று மாதம் மட்டும் கிடைக்கும், அதுவும் ஈரத்தோடு. புளியங்காய் ஓடு வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கிடக்கிறது, திரட்டும் கூலி விலையை விழுங்கும்.

மிஞ்சுவது துவரைமார், பருத்திமார், மல்பெரிக் குச்சி, கவாத்து செய்த மாங்கிளை, சீமைக்கருவேலம். ஏரிக்குள் வளர்ந்த சீமைக்கருவேலத்தைக் காட்டித்தான் பல திட்ட அறிக்கைகள் கணக்கை நிரப்புகின்றன. ஆனால் ஏரியைச் சுத்தம் செய்ய வேரோடு பிடுங்கினால் அது ஒருமுறை எரிபொருள், அடுத்த ஆண்டு அங்கே விறகு இல்லை. வேரை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், ஏரி சுத்தமாகாது. இரண்டில் எது என்று ஊராரிடம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் வாக்குறுதி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

விறகு பொறுக்கும் பெண்களோடு உட்காரும்போதுதான் இன்னொரு விஷயம் வெளிவரும். அறுவடை முடிந்த காட்டில் துவரைமார் பொறுக்கிக்கொள்ள நிலமில்லாதவர்களை யாரும் தடுப்பதில்லை. கூலிக்கு வந்தவர்கள் கட்டிக்கொண்டு போவார்கள். நிலையம் அதற்கு ஒரு விலை வைத்த மறுநாள் காட்டுக்காரர் "வேணாம்மா, வெச்சிடு" என்பார். நட்டம் யாருக்கென்றால் எந்தக் கூட்டத்திலும் நாற்காலி கிடைக்காதவர்களுக்கு. மாதிரி நிலையத்துக்கான கொள்முதல் விதியில் இதற்காக இரண்டு வரி சேர்க்க வேண்டியிருக்கும்: ஒவ்வொரு காட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு வாங்காமல் விடப்படும், தட்டு, தாள், கடலைக்கொடி எந்த விலைக்கும் வாங்கப்படாது. இரண்டாவது வரியை எடைமேடையின் சுவரிலேயே பெயின்ட்டில் எழுதிவைப்பது நல்லது.

விற்பவருக்கு வரும் சண்டை ஈரப்பதத்தில் வரும். பச்சையாக வெட்டிய மரத்தில் 45 சதவீதம் ஈரம். ஒப்பந்தம் 20 சதவீத ஈரத்துக்கு. 10 டன் கொண்டுவந்தவருக்கு 55-ஐ 80-ஆல் வகுத்து, 6.9 டன்னுக்குத்தான் காசு. "எடைமேடையில பத்து காட்டுச்சு, சீட்டுல ஏழு போடறீங்க" என்ற கோபம் நியாயமாகத்தான் தோன்றும். குத்திப் பார்க்கும் மீட்டர் மேற்புற ஈரத்தைத்தான் காட்டும், மழைக்கு மறுநாள் அது கூடுதலாகவே காட்டும். இதைக் கூட்டத்திலேயே செய்து காட்டலாம். ஒரு கிலோ மரத்தைச் சீவி எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் எடை குறையாமல் நிற்கும் வரை உலர்த்தி மறுபடி எடை போட வேண்டும். விற்பவர் எதிரிலேயே மாதிரி எடுத்து, பாதியை முத்திரையிட்டு அவரிடமே கொடுத்துவிட்டால் வாக்குவாதம் பெருமளவு அடங்கும்.

பொதுவான நடைமுறை, தேவையைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு உபரி இருந்தால்தான் நிலையம் அமைப்பது. இல்லையேல் நிலையம் ஓட ஆரம்பித்ததும் விலை ஏறும், சூளைக்காரரும் பேக்கரிக்காரரும் ஓட்டல்காரரும் அதே விறகுக்கு அலைவார்கள், கடைசியில் நிலையமும் நிற்கும். தமிழ்நாட்டில் பயோமாஸ் நிலையங்கள் முடங்கியதற்கு முக்கியக் காரணம் எரிபொருள் விலை, ஊர் எதிர்ப்பு அல்ல.

தண்ணீர்

இந்த மாவட்டத்தில் முதலில் எழும் கேள்வி புகையைப் பற்றியதாக இருக்காது, போர்வெல்லைப் பற்றியதாக இருக்கும். பாறை நிலம், ஆழமான போர், கோடையில் காற்று வாங்கும் மோட்டார். நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு. அதற்காகவே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் வந்தது, 2013 முதல் இரண்டு மாவட்டத்துக்கும் காவிரி நீர் போகிறது.

தண்ணீரால் குளிர்விக்கும் கூலிங் டவர் வைத்த 10 மெகாவாட் நிலையத்தில் மணிக்கு ஏறக்குறைய 40 கன மீட்டர் ஆவியாகப் போகும். மிஞ்சும் நீரில் உப்பு ஐந்து மடங்கு ஏறும் வரை சுழற்றினால் மணிக்கு 10 கன மீட்டரை வெளியேற்ற வேண்டும். ஆக 50, நாளுக்கு 1,200 கன மீட்டர், 12 லட்சம் லிட்டர். தலைக்கு 55 லிட்டர் என்ற ஊரகக் குடிநீர் அளவில் அது 21,800 பேருக்கான தண்ணீர். நொடிக்கு 2 லிட்டர் தரும் போரை நாளுக்கு 10 மணி நேரம் ஓட்டினால் 72 கன மீட்டர் கிடைக்கும், 17 போர் வேண்டும். இந்த எண்களை மறைத்துவிட்டு "தேவையான நீர் உரிய அனுமதியுடன் பெறப்படும்" என்று துண்டறிக்கையில் போட்டால், ஊரில் டேங்க் ஆபரேட்டர் ஒருவரே மேடையில் கணக்குப் போட்டுக் காட்டிவிடுவார்.

வெளியேறும் நீர் இன்னும் சிக்கல். உள்ளே போகும் நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தால், குடிநீர்த் தரத்தின் மேல் வரம்பு அதுதான், ஐந்து மடங்கில் 7.5 ஆகும். நாளுக்கு 240 கன மீட்டர் இப்படி ஓடையில் இறங்கினால் கீழ்ப்பக்கத்துக் கிணறுகள் என்னாகும் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பல்லில் காவி படிந்த குழந்தைகள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

மாற்று உண்டு: நீராவியை மறுபடி தண்ணீராக்கும் கண்டன்சரைக் காற்றால் குளிர்விப்பது. தண்ணீர்த் தேவை நாளுக்கு 120 முதல் 150 கன மீட்டராக இறங்கும். பதிலுக்கு முதலீடு கூடும், பெரிய விசிறிகள் சொந்த மின்சாரத்தைத் தின்னும், ஏப்ரல் மதியத்தில் உற்பத்தி குறையும், விசிறிச் சத்தம் இரவில் தூரம் கேட்கும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. தண்ணீரா சத்தமா என்ற இந்தத் தேர்வை ஊராரிடம் வைத்தால், இந்தப் பகுதியில் பதில் அநேகமாகத் தண்ணீர் பக்கம்தான் விழும். ஆனால் கண்டன்சர் ஆர்டர் போட்ட பிறகு கேட்டால், தாலி கட்டிவிட்டு ஜாதகம் பார்த்த கதை. கருத்துக்கேட்பு எப்போது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை: கண்டன்சர் வகையும் மனையும் முடிவாகும் முன்பு.

சாலை, புகை, சாம்பல்

8 டன் ஏற்றும் லாரி என்றால் நாளுக்கு 41 லோடு, வருவதும் போவதுமாக 82 நடை. 16 மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு ஒன்று. 3 டன் டிராக்டர் டிப்பர் என்றால் 108 லோடு, 216 நடை, நாலரை நிமிடத்துக்கு ஒன்று. 3.75 மீட்டர் அகல ஒற்றைத் தடச் சாலையில் எதிரெதிரே இரண்டு டிப்பர் வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். டிராக்டர் என்றால் உள்ளூர்க்காரருக்கு வாடகை கிடைக்கும், லாரி என்றால் ஊருக்கு நிம்மதி. இந்த முரணை ஊரே பேசித் தீர்க்கட்டும். காலை 8.30 முதல் 9.30, மாலை 4 முதல் 5 பள்ளி நேரத்தில் வண்டி இல்லை என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

புகைபோக்கி உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு என்பதை 0.3 அடுக்குக்கு உயர்த்தி 14-ஆல் பெருக்க வேண்டும். மணிக்கு 13.5 டன் எரிபொருள், அதில் 0.1 சதவீதம் கந்தகம் என்றால் 27 கிலோ வரும், உயரம் ஏறத்தாழ 38 மீட்டர். தூசிக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, இரண்டில் எது அதிகமோ அதை வைப்பார்கள். காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து, மழைக்காலத்திலும் பனியிலும் வடகிழக்கிலிருந்து. எந்த ஊர் எந்த மாதத்தில் அடி வாங்கும் என்பதைக் களத்தில் நெல் தூற்றுபவரிடம் கேட்டால் போதும்.

ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில் தூசி பிடிக்கும் மின்வடிகட்டி வேலை செய்தால் புகை கண்ணுக்கே தெரியாது. பாய்லரைக் குளிர்நிலையிலிருந்து பற்றவைக்கும்போதுதான் சிக்கல். எரியாத வாயு தேங்கியிருக்கும்போது உள்ளே தீப்பொறி பட்டால் வெடிக்கும், குளிர்ந்த தகட்டில் ஈரம் படிந்தால் அரிக்கும். அதனால் புகை சூடேறும் வரை வடிகட்டியை இயக்கமாட்டார்கள். அந்தச் சில மணி நேரம் கரும்புகை வரும், அதிகம் இரவில். சீமைக்கருவேலத்திலும் வேளாண் கழிவிலும் பொட்டாசியமும் குளோரினும் உண்டு. அவை சாம்பலை உருக்கிக் குழாய்களில் கிளிங்கராக, அதாவது கெட்டிக் கட்டியாக, படியவைக்கும், நிலையத்தை நிறுத்திச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைக்க வேண்டும். ஆக "புகையே வராது" என்று சொல்பவர் ஒன்று விஷயம் தெரியாதவர், அல்லது தெரிந்தே சொல்பவர். "இத்தனை நாளுக்கு ஒருமுறை, இத்தனை மணி நேரம், முன்கூட்டியே சொல்லிவிட்டு" என்பதுதான் நிறைவேற்றக்கூடிய வாக்குறுதி. முதல்முறை டர்பைனை இணைக்கும் முன் நீராவியைப் பாய்ச்சிக் குழாயைச் சுத்தம் செய்வார்கள். சில நாள் இடி போன்ற இரைச்சல். சொல்லாமல் செய்தால் பாய்லர் வெடித்துவிட்டதென்று ஊர் ஓடும், கன்று போட்ட மாடு மிரளும். தண்டோரா ஒன்று போதும்.

சாம்பல் 5 சதவீதம் என்றால் நாளுக்கு 16 டன். ஈரப்படுத்தி மூடி எடுத்துப் போகாவிட்டால் அது மல்பெரி இலையில் படியும். பட்டுப்புழு இலையில் உள்ள மாசுக்கு, குறிப்பாக ஃபுளோரைடுக்கு, சட்டென்று ஒடுங்கும். ஒரு முட்டைத் தொகுதி போனால் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு எடுத்துப்போக ஒன்றுமிருக்காது. மாந்தோப்புக்காரருக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூவெடுப்புக் காலக் கவலை. இவர்களிடம் "பாதிப்பிருக்காது" என்று வாதாடுவதைவிட, நிலையம் வரும் முன்பே அவர்கள் தோட்டத்து இலையை, கிணற்று நீரைச் சோதித்து அறிக்கையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். பிறகு தகராறு வந்தால் ஒப்பிட ஒரு ஆதாரம் இருக்கும். அடிப்படை அளவு இல்லாமல் இழப்பீட்டுப் பேச்சு நடப்பதே இல்லை.

விறகுக் கிடங்கு இன்னொன்று. 30 நாள் இருப்பு என்றால் 9,750 டன். கன மீட்டருக்கு 175 கிலோ, 4 மீட்டர் உயரம் என்று அடுக்கினால் குவியல் மட்டும் மூன்றரை ஏக்கர், தீயணைப்பு வண்டிப் பாதை சேர்த்து ஆறு. ஈரக் குவியல் உள்ளுக்குள் சூடேறித் தானே பற்றும். எலி, எலியைத் தேடிப் பாம்பு. கிடங்கை எந்தப் பக்கம் வைப்பது என்பதை ஊரார் சொல்லி மாற்ற முடியும். மாற்றுவதற்குச் செலவில்லாத ஒரே விஷயம் அதுதான், வரைபட நிலையிலேயே கேட்டால்.

கூட்டம் நடத்தும் முறை

பயோமாஸ் என்ற சொல்லே முதல் தடங்கல். சாண எரிவாயு என்று ஒருவர், நகராட்சிக் குப்பையை எரிப்பது என்று இன்னொருவர் புரிந்துகொள்வார்கள். "மரக்குச்சி எரித்து மின்சாரம். குப்பை, பிளாஸ்டிக், டயர் எரிக்கமாட்டோம்" என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு மற்றதைத் தொடங்கலாம். துண்டறிக்கை 8 பக்கத்தைத் தாண்டக் கூடாது. மேலே வந்த எண்களெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

"எங்க ஊருக்குக் கரண்ட் வருமா" என்று கட்டாயம் கேட்பார்கள். உற்பத்தியாகும் மின்சாரம் துணைமின் நிலையம் வழியாகப் பொதுவலைக்குப் போகும், ஊர் மின்வெட்டுக்கும் நிலையத்துக்கும் சம்பந்தமில்லை. கூடவே, அந்தத் துணைமின் நிலையம் வரை போகும் கம்பிப்பாதைக்குக் கீழே வரும் மா, தென்னையை வெட்ட வேண்டியிருக்கும் என்பதையும் அன்றே சொல்ல வேண்டும். கம்பிப்பாதையைத் தனித் திட்டம் போலப் பின்னால் கொண்டுவருவது நம்பிக்கையைக் கெடுக்கும் பழைய உத்தி. வேலைவாய்ப்பைப் பற்றியும் அளந்தே பேச வேண்டும். பாய்லர் சான்றிதழ் பெற்றவர், டர்பைன் ஆபரேட்டர் எல்லாம் வெளியூரிலிருந்துதான் வருவார்கள். உள்ளூருக்குக் கிடைப்பது பெரும்பாலும் விறகு இறக்கும் ஒப்பந்தக் கூலி.

ஓடும் நிலையம் ஒன்றுக்கு 30 பேரை அழைத்துப்போவது 10 கூட்டத்துக்குச் சமம். யார் போவது என்பதை ஊர் முடிவு செய்ய வேண்டும், அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். அங்கே பக்கத்து வீட்டுக்காரரோடு பேசும்போது நிறுவனத்தார் வேனிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஓர் இரவு தங்கிப் பார்த்தால்தான் சத்தம் தெரியும்.

பிறகு கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. வரவு செலவு, நூறு நாள் வேலை என்று ஏற்கெனவே நீண்ட பட்டியலோடு நடப்பவை. அவற்றின் கடைசிப் பொருளாக இதைச் செருகினால் வெயில் ஏறி, கூட்டம் கலைந்த பிறகு தீர்மானம் நிறைவேறும். இதற்கென்றே சிறப்புக் கிராம சபை கேட்பது முறை. இரு மாவட்டங்களிலும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் ஊரின் சார்பில் பதில் சொல்ல ஆளிருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் சிறு அமர்வுகளின் எழுத்துப் பதிவுக்கு மதிப்பு இரட்டிப்பாகும்.

கையெழுத்து விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து பின்னால் சம்மதக் கையெழுத்தாக உருமாறும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பயம். பயத்துக்குக் காரணமும் உண்டு. ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் "வருகைக்கு மட்டும், ஒப்புதல் அல்ல" என்று அச்சடித்து, காலி வரிகளைக் கோடு போட்டு அடித்து, அன்றே நகலை ஊரார் இருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

கேட்ட கேள்விகளுக்கு ஒரு பதிவேடு: கேள்வி, பதில், திட்டத்தில் என்ன மாறியது, மாறவில்லையென்றால் ஏன், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். 21 நாளுக்குள் அதே இடத்தில், அதே நேரத்தில் திரும்ப வந்து வாசிக்க வேண்டும். திரும்ப வரும் இந்தக் கூட்டத்தை நடத்தாமல் விடுவதுதான் பெரும்பாலான கருத்துக்கேட்புகளின் குறை.

மாதிரி நிலையத்தைப் பொறுத்தவரை, பயிர்வாரி அமர்வுகள் முடிந்தபின் 45 கி.மீ. வட்டத்தில் உண்மையான உபரி 1,20,000 டன் என்று வருவதாகக் கொள்வோம். ஏட்டில் இது 95,000-ஐவிட அதிகம்தான். இரண்டு மடங்கு விதிப்படி கைக்கு 60,000 டன்தான், அது 6 மெகாவாட்டுக்கு மேல் தாங்காது. சிறிய டர்பைனில் யூனிட்டுக்கு விறகு இன்னும் கொஞ்சம் கூடும் என்பதால் 6-ம் தள்ளாட்டம்தான். முதலீட்டாளருக்கு இது கசக்கும். ஆனால் இதை நிலம் வாங்கும் முன்பே இரண்டு மாதத்தில் சொல்லிவிட்டது ஊர்.

நிலையம் வந்தால், வாசல் பலகையில் மாதாமாதம் எழுத வேண்டியவை: வாங்கிய விறகு வகைவாரியாக, எரித்த நிலக்கரி சதவீதம், எடுத்த தண்ணீர், பாய்லரை நிறுத்திப் பற்றவைத்த தேதிகள், சாம்பல் போன இடம், வந்த புகார்கள். புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கும். அந்த எண் பாய்லர் கட்டுப்பாட்டு அறையில், ஷிப்ட் பொறுப்பாளர் கைக்கெட்டும் தூரத்தில் ஒலிக்க வேண்டும். அலுவலக அறையில் வைத்தால் அதைக் காலை 10 மணிக்குத்தான் எடுப்பார்கள். புகை வருவது இரவு 2 மணிக்கு.